உலைக்காரரின் ஈரத்துண்டு

பதினாலு வருடமாக உலை இல்லை. ஆனாலும் அவர் பெயர் உலைக்காரர்தான். கடைக்காரர் அப்படித்தான் கூப்பிடுவார், எதிர்வீட்டுக்காரர் அப்படித்தான் கூப்பிடுவார். மகள் பள்ளியில் படித்த காலத்தில் வாத்தியாரம்மா ஒருமுறை பரீட்சைத் தாளிலேயே 'உலைக்காரர் மகள்' என்று எழுதி அனுப்பினார். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அரசாங்கக் காகிதங்களில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது.

ஐம்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு, ஓயாத வாய். இடது காதுக்குக் கீழிருந்து தோள் வரை தோல் சுருங்கிப்போன ஒரு தழும்பு. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள். "நல்லாவே பாருங்க, காசு கேக்க மாட்டேன்" என்பார்.

அவர் பதினெட்டு வயதில் இரும்பு வார்ப்பாலைக்குள் போனார், முப்பத்தொன்பதில் அது மூடியபோது வெளியே வந்தார். அந்த ஆலையை நினைத்து உருகுகிறவர்கள் ஊரில் நிறைய உண்டு. அவர்களில் முக்கால்வாசிப் பேர் உலைக்குப் பக்கத்தில் நின்றதே இல்லை என்பது என் கருத்து. நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே இமை முடிகூட மிஞ்சாது.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. உலைப்பக்கம் போகிற எவனும் கழுத்தில் ஈரத்துண்டு இல்லாமல் போகக்கூடாது. தெறிக்கிற பொறி முதலில் தேடிவருவது காலருக்கும் காதுக்கும் நடுவிலுள்ள இடத்தைத்தான். வாசலில் மேஸ்திரி நிற்பார். வருகிறவனின் துண்டு நுனியைப் பிடித்துப் பிழிவார். சொட்டினால் ஈரத்துண்டு, உள்ளே போகலாம். சொட்டாவிட்டால் காய்ந்த துண்டு, குழாயடிக்குத் திரும்பிப் போக வேண்டும். அந்த ஆலையில் ஈரத்துக்கும் உலர்வுக்கும் வேறு அளவுகோல் கிடையாது.

ஒருநாள் மேஸ்திரி வரவில்லை. வாசலில் நின்று பிழிந்து பார்க்கும் பொறுப்பு உலைக்காரருக்கு வந்தது. பதினேழு பேர் துண்டைப் பிழிந்தார். பதினெட்டாவதாக வந்தவன் சொந்தத் தம்பி. தம்பிதானே என்று, "போடா, போ" என்று விட்டுவிட்டார். அவன் துண்டு காய்ந்து கிடந்தது. அன்று மதியம் அதில்தான் நெருப்புப் பிடித்தது. தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல்வரை ஓடிவந்தபோது அந்தத் துண்டுதான் இவர் கழுத்திலும் ஒட்டி எரிந்தது. தம்பி பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான், பிறகு இல்லை.

அந்தப் பதினெட்டாவது துண்டைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மேஸ்திரி அன்று வரவில்லை என்பது ஊருக்குத் தெரியும். அவருக்குப் பதில் யார் நின்றார் என்று மனைவி கேட்டதில்லை, மகளுக்குக் கேட்கத் தெரியாத வயது. அதற்குப் பிறகு உலைக்காரர் ஈரத்துண்டு இல்லாமல் வாசற்படி தாண்டியதில்லை. ஆலை மூடிய பிறகும் பதினாலு வருடம் அப்படித்தான்.

மூடிய பிறகு பதினாலு வருடம் அந்தக் குடும்பத்தைக் கரைசேர்த்தவர் மனைவியின் அண்ணன். கட்டடங்களில் சுவர்ப் பலகைகளின் இடுக்குகளைப் பசைபோட்டு அடைக்கிற வேலை அவருக்கு. ஆறு பேர் கொண்ட குழு. ஊரில் பசைக்காரர் என்றால் தெரியும். வேலை இருந்த நாளெல்லாம் தங்கை புருஷனை ஏழாவது ஆளாகக் கூட்டிக்கொண்டு போவார். உலைக்காரருக்குப் பசைத்துப்பாக்கி பிடிக்கவே வராது. ஒட்டுவது பாதி, அப்பிக்கொள்வது பாதி. பசைக்காரர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "என் மாப்பிள்ளை ஒட்டின இடத்தைப் பிரிக்கவே முடியாது, ஏன்னா அவரே அதுல ஒட்டிக்கிட்டு இருப்பார்" என்று சிரித்துவிட்டு, பின்னால் போய் மறுபடி அடைப்பார்.

போன வருடம் பழைய வார்ப்பாலையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த இடத்தில் மின்சார வண்டிகளுக்குப் பேட்டரி செய்யும் தொழிற்சாலை எழும்பத் தொடங்கியது. பழைய இரும்புக் கசடுகளை நொறுக்கி அடித்தளத்தில் கொட்டினார்கள். இரும்புத் தூண்கள் வரிசையாக எழுந்தன. பெரிய கூடம் இன்னும் கூரை காணவில்லை. ஆனால் கிழக்கு ஓரத்தில் ஒரு சின்ன சோதனை அறையை மட்டும் முதலில் கட்டி, அதில் பேட்டரி செய்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த அறை சரியாக ஓடினால்தான் மிச்சக் கட்டடத்துக்குப் பணம் வரும் என்று பேச்சு.

அந்த அறையின் ஷிப்ட் பொறுப்பாளர் உலைக்காரரின் மகள். வேதியியல் படித்து, வெளியூரில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு, இந்தத் தொழிற்சாலைக்காகவே ஊர் திரும்பியவள். ஆட்களை எடுக்கும்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வேண்டாம் என்றார்கள். அவள் மேனேஜரிடம் போய், "எங்கப்பாவோட கை நடுங்காது சார், முப்பது டன் உலையைச் சாய்ச்ச கை. ஆறு மாசம் பாருங்க, சரியா வரலேன்னா நானே வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாள். மேனேஜர் அவள் முகத்துக்காக ஒத்துக்கொண்டார். உலைக்காரர் ஆபரேட்டர் நாலு ஆனார்.

இப்போது அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேட்டரிக்குள் சுருட்டி வைக்கிற மெல்லிய தகட்டுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே கெட்டுப்போகும். அதனால் அறைக் காற்றை இயந்திரம் வைத்து உறிஞ்சிக் காயவைத்துக்கொண்டே இருப்பார்கள். சுவரில் ஒரு மீட்டர். அது மைனஸ் நாற்பதில் நின்றால் அறை நன்றாகக் காய்ந்திருக்கிறது. நாற்பது முப்பத்தெட்டானால், முப்பத்தாறானால், ஈரம் ஏறுகிறது. முப்பத்தைந்துக்கு வந்தால் சங்கு அலறும். அன்றைய சுருள் குப்பைக்குப் போகும்.

மனிதன் மூச்சு விட்டாலே ஈரம். அதனால் ஒரு நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் உள்ளே போகக்கூடாது. போகும்முன் இடைஅறையில் நிறுத்தி, தலைமுடி ஈரமா, உடம்பில் எங்காவது ஈரத்துணி இருக்கிறதா என்று ஷிப்ட் பொறுப்பாளர் கழுத்து, அக்குள், இடுப்பு எல்லாம் கையால் தொட்டுப் பார்த்து, பதிவேட்டில் பெயருக்கு எதிரே ஒரு டிக் போட வேண்டும். தினமும் மகள் ஏழு பேரைத் தொட்டுப் பார்ப்பாள். எட்டாவதாக அப்பா. அவர் வெள்ளை உடுப்போடு சேர்ந்த முக்காட்டைப் போட்டுக்கொண்டு நிற்பார். அவள் கை பாதிவரை வந்து நிற்கும். சின்ன வயதிலிருந்தே அந்தத் தழும்பைத் தொட அவளுக்குப் பயம். தொட்டால் அப்பாவுக்கு எரியும் என்று யாரோ சொன்னது மனதில் தங்கிவிட்டது. "போங்கப்பா" என்பாள். டிக் போடுவாள்.

காய்ந்த காற்றில் எல்லோருக்கும் உதடு வெடித்தது. சொன்னபடி துண்டை வீட்டில் விட்டுவிட்டு வந்த உலைக்காரருக்குத் தழும்பு வெடித்தது. தோலுக்குப் பூச முதல் நாளே ஆளுக்கொரு கிரீம் டப்பா கொடுத்திருந்தார்கள். கிரீம் பூசுவது சினிமாக்காரர்கள் சமாசாரம் என்பது உலைக்காரரின் கட்சி. டப்பாவை மனைவியிடம் கொடுத்தார். அவள் குதிகால் வெடிப்புக்குப் பூசி, "ரொம்ப நல்லா கேக்குதுங்க" என்று சான்றிதழ் கொடுத்தாள். நாலாம் நாள் தழும்பிலிருந்து ரத்தம் கசிந்தது. ஐந்தாம் நாள் காலையில் அவர் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். துண்டை நனைத்தார், முறுக்கிப் பிழிந்தார், ஒரு சொட்டுகூட விழாதபடி பிழிந்தார். முக்காட்டுக்குள் கழுத்தைச் சுற்றி வைத்துக்கொண்டார்.

ஈரத்துணி கூடாது என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததே, படிக்கத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் சொட்டாத துண்டு அவர் சட்டப்படி காய்ந்த துண்டு. அதை எப்படி ஈரத்துணி என்று சொல்ல முடியும்? அவர் எதையும் ஒளிப்பதாகவே நினைக்கவில்லை. சாயங்காலம் வெளியே வரும்போது துண்டு மொறமொறவென்று இருக்கும். நல்ல அறை, நல்ல காற்று என்று மெச்சிக்கொண்டார்.

அந்த வாரத்திலிருந்துதான் மீட்டர் அடம்பிடிக்கத் தொடங்கியது. தினமும் காலை முதல் ஒரு மணி நேரம் முப்பத்தாறு, முப்பத்தைந்தரை என்று தொங்கும். பிறகு மெல்ல நாற்பதுக்குத் திரும்பும். சில நாள் சங்கும் அலறியது. மகள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். "உள்ள போறது எட்டுப் பேர். மீட்டர் பத்துப் பேர்னு சொல்லுது."

ஆபரேட்டர்களுக்கு இது கொண்டாட்டமாகிவிட்டது. "வார்ப்பாலைப் பேய் ரெண்டு நம்ம ஷிப்டுக்கு வருது மேடம், அதுக்கும் டிக் போடுங்க" என்றான் ஒருவன். உலைக்காரர் சும்மா இருப்பாரா? "பேய்க்கு வேலை நிரந்தரமா, இல்ல என்னை மாதிரி ஆறு மாசச் சோதனையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு கொஞ்ச நாளில் போய்விட்டது. காலையில் மட்டும் ஈரம் ஏறுகிறது என்றால் வெளியிலிருக்கும் பனிக்காற்று எங்கோ புகுகிறது என்று மேனேஜர் முடிவுகட்டினார். அறைச் சுவர் முழுவதும் பலகைகள். பலகை இடுக்குகளை அடைத்தவர் யார்? பசைக்காரர். அன்றிலிருந்து அவருக்குச் சனி பிடித்தது. புகைக்குச்சியைக் கொளுத்தி இடுக்கு இடுக்காகக் காட்டினார், புகை எங்கேயும் ஆடவில்லை. விளக்கடித்துப் பார்த்தார். ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பிரித்து மறுபடி அடைத்தார். மீட்டர் அசைந்து கொடுக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் அவர் குழு உட்கார்ந்த மேசையில் மற்றவர்கள் உட்காரவில்லை. ஓட்டைக் கை என்று யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். உலைக்காரருக்கு ரத்தம் கொதித்தது. "எங்க மச்சான் கையைப் பத்திப் பேசினா பல்லு இருக்காது" என்று ஒருவனிடம் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போனார். அப்போதும் கழுத்தில் துண்டு இருந்தது.

ஆறு வாரம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அண்ணன் வருவாரேன்னு பார்த்தேன்" என்றாள் மனைவி.

"மாமா சைட்லதாம்மா இருக்காங்க. கிழக்கு மூலையைப் பிரிச்சு ஒட்டறாங்க" என்றாள் மகள். சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை.

"அப்படி எவ்வளவு தண்ணிதாம்மா வந்துடப்போகுது அந்த இடுக்குல?" என்று கேட்டார் உலைக்காரர்.

மகள் எதிரே இருந்த சின்ன டம்ளரை எடுத்துக் காட்டினாள். "ஒரு ஆள் ஒரு மணி நேரம் உள்ள நின்னா மூச்சுலயும் வேர்வையிலயும் இந்த டம்ளர் அளவு தண்ணி வெளிய வரும்பா. எட்டு டம்ளர் வரைக்கும் மெஷின் தாங்கும். நமக்குத் தினமும் ரெண்டு டம்ளர் கூட வருது. அதுவும் முதல் ஒரு மணி நேரத்துல. யார் ஊத்தறாங்கன்னுதான் தெரியல."

உலைக்காரர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கைகழுவப் போகிறவர் போல எழுந்தார்.

மனைவி சோப்புத்தூள் பொட்டலம் போட்டு அக்கம்பக்கத்தில் விற்பவள். அதற்கென்று ஒரு தராசு சமையலறை மூலையில் இருந்தது. உலைக்காரர் கொடியில் காய்ந்த துண்டை எடுத்து அதில் வைத்தார். இருநூறு கிராம். குளியலறைக்குப் போய் நனைத்தார், வழக்கம்போல முறுக்கிப் பிழிந்தார், உதறினார். ஒரு சொட்டு விழவில்லை. மறுபடி தராசில் வைத்தார். நானூற்று நாற்பது. டம்ளரை நிரப்பி, அதன் தண்ணீரை மட்டும் நிறுத்துப் பார்த்தார். நூற்று இருபது.

ஒருமுறைக்கு மூன்றுமுறை நிறுத்தார். இரும்பைப் பிழிகிற கைக்கும் பிடிபடாமல் அந்தத் துண்டுக்குள் இரண்டு டம்ளர் தண்ணீர் இருந்தது. ஒன்பதாவது ஆளும் பத்தாவது ஆளும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தினமும் உள்ளே போயிருக்கிறார்கள்.

"என்னங்க பண்றீங்க அங்க?" என்றாள் மனைவி.

"சும்மா."

அப்போதே கூடத்துக்கு வந்து சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை, அதற்குக் காரணம் வேலை போய்விடும் என்பது மட்டுமல்ல. அந்தப் பதிவேடு. நாற்பது நாளாக அவர் பெயருக்கு எதிரே மகள் போட்ட டிக். துண்டு வெளியே வந்தால் அந்த நாற்பது டிக்கும் பொய் என்று வெளியே வரும். அவளை நம்பி மேனேஜர் கொடுத்த பொறுப்பு, அவள் படித்த படிப்பு, எல்லாம் இந்த ஒரு முழத் துணியில் வந்து நின்றது. நாளைக்குத் துண்டு இல்லாமல் போய்விட்டால் மீட்டர் தானாகச் சரியாகிவிடும், மச்சானும் தப்பிப்பார், மகளும் தப்பிப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை துண்டில்லாமல் போனார். கழுத்து தீயாக எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மீட்டர் நாற்பதிலிருந்து நகரவே இல்லை.

சாதாரண மனிதனின் கெட்ட நேரம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கிழக்கு மூலையைப் பிரித்து ஒட்டியிருக்கிறார்கள், திங்கட்கிழமை ஈரம் நின்றுவிட்டது. மேனேஜருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? "ஓட்டை அங்கதான் இருந்திருக்கு. ஆறு வாரமா இல்லவே இல்லன்னு சாதிச்சிருக்கார்" என்றார். பசைக்காரர் குழுவை வெளியே அனுப்பவும், மிச்ச அறைகளை வேறு ஆளுக்குக் கொடுக்கவும், மற்ற கட்டட நிறுவனங்களுக்கும் தெரியப்படுத்தவும் ஒரு கடிதம் தயார்செய்யச் சொன்னார். ஈர அளவுகளைச் சேர்த்து அதை எழுத வேண்டியவள் மகள். புதன்கிழமைக்குள் வேண்டும்.

அன்று மாலை பசைக்காரர் வீட்டுக்கு வந்தார். கடிதத்தைப் பற்றி அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது. நாற்காலியில் உட்காராமல் கதவோரம் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"முப்பது வருஷமா இந்தக் கைதான் மாப்பிள்ளை எனக்குச் சோறு போட்டுது. அந்த மூலையைப் பிரிக்கும்போது பாத்தேன். பசை கல்லு மாதிரி இருந்துச்சு. ஒரு ஊசி நுழையாது. ஆனா இப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கண்ணு போயிடுச்சோ என்னவோ."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்கண்ணா" என்று மனைவி அழுதாள். மகளைப் பார்த்து, "நீ எழுத மாட்டேன்னு சொல்லேன்டி" என்றாள். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

உலைக்காரர் அங்கேயேதான் இருந்தார். மச்சானுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பசைக்காரர் தண்ணீரைக் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை காலை அப்பாவும் மகளும் வழக்கம்போலத் தொழிற்சாலைக்கு நடந்தார்கள். எழும்பி நிற்கும் தூண்களைத் தாண்டி, கான்கிரீட் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில் உலைக்காரர் நின்றார். கையிலிருந்த பையைத் திறந்து துண்டைக் காட்டினார்.

"அந்தக் கடிதத்தை எழுதாதம்மா. ஓட்டை இல்ல. இதுதான்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "மாமாவைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்லாதீங்கப்பா" என்றாள்.

"தராசுல நிறுத்தேன். ரெண்டு டம்ளர்."

"எத்தனை நாளா?"

"அஞ்சாம் நாள்லேர்ந்து. நேத்து மட்டும் இல்ல."

அவள் முகம் வெளுத்தது. அவள் எதை நினைக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. "நான் ஒளிச்சு எடுத்துட்டுப் போனேன்னு சொல்லிக்கலாம். உனக்குத் தெரியாதுன்னு..." என்று தொடங்கினார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மேனேஜர் நம்பவில்லை. "மச்சானுக்காக மாப்பிள்ளை பேசறார். இதை எப்படி நான் ஏத்துக்க முடியும்?" என்றார். நியாயமான கேள்விதான்.

"செஞ்சு பாத்துடலாம் சார்" என்றாள் மகள்.

இயந்திரங்களை நிறுத்தினார்கள். சுருள்களைப் பெட்டியில் போட்டு மூடினார்கள். பசைக்காரரையும் கூப்பிட்டு மீட்டருக்கு எதிரே நிற்கவைத்தார்கள். முதலில் எட்டுப் பேரும் துண்டில்லாமல் உள்ளே போய் அரைமணி நேரம் நின்றார்கள். நாற்பது. உலைக்காரரை மட்டும் வெளியே அழைத்தார்கள். அவர் எல்லோர் முன்னாலும் துண்டை நனைத்துப் பிழிந்தார். ஒரு சொட்டு விழாதவரை பிழிந்து கழுத்தில் சுற்றிக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, இடைஅறையில் மகள் முன்னால் போய் நின்றார்.

சோதனை என்றால் முறைப்படி நடக்க வேண்டும். மகள் கையை நீட்டினாள். இந்த முறை கை நிற்கவில்லை. முக்காட்டுக்குள் விட்டுத் துண்டைத் தொட்டாள். துண்டுக்குக் கீழே வெடித்துக்கிடந்த தழும்பும் அவள் விரலில் பட்டது. அவர் அசையவில்லை. அவள் பதிவேட்டில் டிக் போட்டு, பக்கத்தில் 'ஈரத்துண்டு உள்ளது' என்று எழுதினாள். "போங்க" என்றாள்.

அவர் அறையின் நடுவில் போய் நின்றார். ஒலிபெருக்கியில் மகளின் குரல் வந்தது, மேடத்தின் குரல்.

"ஆபரேட்டர் நாலு, அங்கேயே நில்லுங்க. முப்பத்தொன்பதரை."

அவர் நின்றார். கழுத்தில் குளுமை ஏறியது. இத்தனை நாள் சுகமாக இருந்த அந்தக் குளுமை இன்று வெட்கமாக இருந்தது.

"முப்பத்தெட்டு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மச்சான் மீட்டரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. மேனேஜர் கைகட்டி நின்றார்.

"முப்பத்தேழு. முப்பத்தாறே முக்கால்."

உள்ளேயிருந்த ஏழு பேரும் அவரைப் பார்த்தார்கள். பேய் ஜோக் சொன்னவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"முப்பத்தாறு."

அதற்குப் பிறகு குரல் வரவில்லை. எண் இறங்குவது அவருக்குத் தெரியவில்லை, ஆனால் இறங்குகிறது என்று தெரிந்தது. சங்கு அலறியது. அந்த அலறலுக்கு நடுவே ஒலிபெருக்கி கரகரத்தது.

"அப்பா, போதும். வெளிய வாங்கப்பா."

வெளியே வந்ததும் முதலில் எதிரே நின்றவர் பசைக்காரர். அவர் பெயர் தப்பிவிட்டது, குழு தப்பிவிட்டது. கட்டிப்பிடிப்பார் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம்.

"எப்ப தெரியும் மாப்பிள்ளை?"

"ஞாயித்துக்கிழமை, மச்சான்."

"திங்கக்கிழமை உன் வீட்ல வந்து உக்காந்தேனே."

பசைக்காரர் உலைக்காரரை நீங்க என்று கூப்பிடாதது அதுதான் முதல் தடவை. அவர் தரையில் வைத்திருந்த பசைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கூரையில்லாத பெரிய கூடத்தின் பக்கம் போய்விட்டார். மேனேஜர், "ஆபரேட்டர் நாலு நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார். அது எதிர்பார்த்ததுதான். பிறகு மகளைப் பார்த்து, "பதிவேட்டை நீங்களே சரிபார்த்து, விளக்கம் எழுதிக் கொண்டுவாங்க. அதுக்கப்புறம் உங்க பொறுப்பைப் பத்திப் பேசலாம்" என்றார். அதில் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

இடைஅறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை. மகள் பதிவேட்டை விரித்து உட்கார்ந்தாள். உலைக்காரர் உடுப்பைக் கழற்றிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நான் ஏமாத்தினேன்னு எழுதும்மா. நீ தொட்டுப் பாத்தே, நான் உள்ள போனப்புறம் போட்டுக்கிட்டேன்னு எழுது. யாருக்குத் தெரியும்?"

"டிக் போட்டது நான்தானேப்பா. உங்களை மட்டும் தொட்டுப் பாக்கல. அப்பாதானேன்னு விட்டுட்டேன்."

எத்தனையோ வருடமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர், காய்ந்த உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"உங்க சித்தப்பா மேல நெருப்புப் பிடிச்ச அன்னைக்கு மேஸ்திரி வரல. வாசல்ல துண்டைப் பிழிஞ்சு பாத்தது நான். பதினேழு பேருக்குப் பாத்தேன்."

"சித்தப்பாவுக்கு?"

"தம்பிதானேன்னு விட்டுட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அவள் ஆறுதல் சொல்லவும் இல்லை. சொல்லி ஆறுகிற விஷயமா அது? பேனாவைத் திறந்தாள்.

முதல் நாள் பக்கம். ஆபரேட்டர் நாலுக்கு எதிரே இருந்த டிக்கை அடித்து, 'தொட்டுப் பார்க்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உலைக்காரர் பக்கத்தைத் திருப்பினார். அடுத்ததை அடித்தாள். அவர் திருப்பினார். துண்டே இல்லாத முதல் நாலு நாளையும் அடித்தாள். திங்கட்கிழமை வந்தபோது, "அன்னைக்குத் துண்டு இல்லையேம்மா" என்றார். "இல்லதான். நான் பாக்கலையே" என்று அதையும் அடித்தாள். மொத்தம் நாற்பத்தொன்று.

கடைசியாக அன்றைய பக்கம். ஒரு டிக், பக்கத்தில் 'ஈரத்துண்டு உள்ளது'. அதை மட்டும் அவள் அடிக்கவில்லை.